கொத்தனாரும் காண்ட்ராக்டர் ஆகட்டும்

ஆசிரியருக்கு,

களியக்காவிளைப் பக்கத்துக் கொத்தனார்கள் பலர் விடியற்காலையிலேயே திருவனந்தபுரத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள். சுவரைப் பார்த்தே எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் சொந்தமாக ஒப்பந்தம் எடுக்கப் போனால் ஈ.எம்.டி. (டெண்டருடன் கட்டும் முன்வைப்புத் தொகை), சொத்து மதிப்புச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. என்று தடுமாறிப் போகிறார்கள். விலைப்புள்ளியில் 18 சதவீத வரியைக் கணக்கில் எடுக்க மறந்தால் லாபம் முழுக்கப் போச்சு! தனிநபர் ஒப்பந்ததாரரின் பில்லில் 1 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அதை ஈடுகட்டலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கென்று செஸ் என்ற தனி வரி வசூலாகிறது அல்லவா? அந்த நிதியில் மதிப்பீடு, முடித்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம், டெண்டர் பற்றி அரசு ஐ.டி.ஐ.களில் மாலை வகுப்பு நடத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் இன்னும் நல்லது. அன்றுதான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள்.

வாசகர், களியக்காவிளை