தொப்பூர் கணவாய்க்குப் பேய் பிடிக்க வரும் தம்பிகளுக்கு

அன்புள்ள யூடியூப் தம்பிகளே,

வணக்கம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் காரை ஓரங்கட்டி, தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு, அங்கே நடக்கும் விபத்துகளுக்குப் பேய்தான் காரணம் என்று தொப்பூர் கணவாயில் நீங்கள் எடுக்கும் வீடியோக்களை எங்கள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பார்ப்போம். எடிட்டிங் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் தர்மபுரியில் லாரிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். அந்த இறக்கத்தில் அடிபட்ட வண்டிகள் எங்களைப் போன்றவர்கள் கைக்கும் வருவதால், உங்கள் பேயைப் பற்றி எனக்கும் நாலு வார்த்தை பேச இருக்கிறது.

முதலில், பேய் பக்கத்தில் வந்தால் எரியும் என்று நீங்கள் கையில் வைத்திருக்கும் கே2 மீட்டர். பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஐந்து விளக்குகள். அது காட்டுவது மின்காந்தப் புலத்தை. கரண்ட் ஓடும் வயர், டிரான்ஸ்பார்மர், மோட்டார், செல்போன் எது பக்கத்தில் இருந்தாலும் எரியும். மலை மறைவில் சிக்னல் குறைந்தால் போன் தன் பலத்தைக் கூட்டிக்கொண்டு டவரைத் தேடும். ஒரு கையில் லைவ் ஓடும் போன், இன்னொரு கையில் மீட்டர். "இங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிறீர்கள். விளக்கு எரிகிறது. பதில் சொன்னது உங்கள் போன்தான். எங்கள் தொழிலில் இப்படி அளந்தால் முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்.

அடுத்தது, பேய் பேசுவதைக் கேட்க என்று நீங்கள் வைத்திருக்கும் ஸ்பிரிட் பாக்ஸ். அது எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு ரேடியோ, அவ்வளவுதான். நம்முடையது எல்லை மாவட்டம். தமிழ் அரை வார்த்தை, கன்னடம் அரை வார்த்தை, நடுவில் இரைச்சல் என்று வந்து விழும். அதன் கீழே நீங்கள் "போ... போயிடு" என்று சப்டைட்டில் போட்டதும் பார்க்கிறவன் காதிலும் அதுவே கேட்கிறது. சப்டைட்டிலை எடுத்துவிட்டுப் பத்துப் பேரைத் தனித்தனியாகக் கேட்கச் சொல்லிப் பாருங்கள், பத்து வசனம் கிடைக்கும். காற்றில் மிதக்கிற வெள்ளை உருண்டைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லென்சுக்குப் பக்கத்தில் பறக்கும் தூசியும் பூச்சியும் லைட் பட்டு ஊதித் தெரிவது அது.

கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல், அமானுஷ்ய சக்தியை மோசடிக்கு இடமில்லாமல் நிரூபிக்கிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டார். அமெரிக்காவில் மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டி பத்து லட்சம் டாலர் வரைக்கும் போனார். 2015இல் அந்தச் சவாலை முடித்துக்கொண்ட வரை பரிசை வாங்க ஆளில்லை. நீங்கள் வாரத்துக்கு ஒரு பேயைப் பிடிக்கிறீர்கள்!

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்றால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். தொப்பூரில் ஏன் இத்தனை சாவு என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வருகிறீர்களே, அங்கேதான் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

பெங்களூரிலிருந்து சேலம் போகிற தேசிய நெடுஞ்சாலை 44, தர்மபுரி தாண்டி இந்தக் கணவாயில் இறங்குகிறது. லோடு லாரி மேட்டைக் கடந்ததும் டீசல் மிச்சம் பிடிக்க டிரைவர் நியூட்ரலில் தள்ளுவார். இன்ஜின் இழுத்துப் பிடிக்கிற பிடி அந்த நொடியே போய்விடும். மொத்தப் பாரமும், சக்கரத்தின் டிரம்மை உரசி நிறுத்துகிற பிரேக் லைனர் மேல். அழுத்த அழுத்த டிரம் சூடேறி விரியும், லைனர் பிடிக்காமல் வழுக்கும், முதலில் கருகல் வாடை, அப்புறம் சக்கரத்திலிருந்து புகை. பதறிப்போய் மிதியை விட்டு விட்டு அடித்தால் பிரேக்குக்கான டேங்கில் காற்றும் இறங்கிவிடும். அப்படி வந்த வண்டியின் சக்கரத்தைக் கழற்றினால் டிரம் நீலம் பாரித்துக் கிடக்கும், லைனர் கண்ணாடி மாதிரி மின்னும். இதில் கொடுமை என்னவென்றால், இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும்; நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எண்ணெய் குடிக்கும். மிச்சமாகாத டீசலுக்காக உயிரைக் கொடுக்கிறார்கள்.

2020 டிசம்பரில் சிமெண்ட் லாரி ஒன்று முன்னால் நின்ற வண்டிகள் மேல் வரிசையாக மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் பாலத்தின் மேல் நடந்த விபத்தின் சிசிடிவி காட்சியை நாடே பார்த்தது. அதிலும் நான்கு பேர். உங்களில் ஒருவர் அந்தக் காட்சிக்கு மேல் சிவப்பு வட்டம் போட்டு "இந்த உருவத்தைக் கவனிச்சீங்களா?" என்று தலைப்பு வைத்திருந்தார்.

வெள்ளைச் சேலைக்காரியை நேரில் பார்த்தேன் என்று சொல்லும் டிரைவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. இரண்டு ராத்திரி தூங்காமல் ஓட்டுகிறவனுக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கண் திறந்திருக்கும்போதே கனவு வரும். மேட்டில் வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. முனியப்பன் காப்பாற்றுகிறாரோ இல்லையோ, அந்த ஐந்து நிமிடத்தில் டிரைவர் கீழே இறங்கி டயரையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார். உங்கள் வீடியோ அந்த நன்மையைக்கூடச் செய்வதில்லை. பேய் தள்ளிவிட்டது என்று ஆகிவிட்டால், தூங்க விடாமல் விரட்டிய முதலாளியையும், தேய்ந்த லைனரையும், அளவு மீறிய லோடையும், சாலையின் சரிவையும் யாரும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. போன மாதம் பாலக்கோடு பக்கம் ஒரு பெண்ணை உட்காரவைத்து, பம்பை உடுக்கை அடித்து, முடியைப் பிடித்து ஆட்டிப் பேய் ஓட்டியதை முகம் தெரியப் போட்டிருந்தீர்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை ரேஷன் கடைக்குப் போக வேண்டாமா? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்கா பக்கம் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர். அவர்களில் எத்தனை பேரை வீட்டார் "பேய் பிடித்தது" என்று அங்கே கொண்டுவந்து விட்டிருப்பார்கள்! மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. அதை உங்கள் திரையில் ஒரு ஓரத்தில் போட என்ன செலவாகிவிடும்?

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தப் பெண்ணின் வீடியோவை எடுத்துவிடுங்கள். விபத்தில் செத்தவர்களின் போட்டோவைத் தம்ப்நெயிலில் போடாதீர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் யூடியூப் பார்க்கிறார்கள். ராத்திரியில் காரைக் கணவாய் வளைவில் நிறுத்தாதீர்கள், பின்னால் பிரேக் பிடிக்காத வண்டி வரலாம். பகலில் வாருங்கள். மேட்டில் நின்று, இறங்குகிற லாரிகளில் எத்தனை நியூட்ரலில் போகிறது என்று டிரைவர்களிடமே கேட்டுப் படம் பிடியுங்கள். டிரம், லைனர் எல்லாம் கழற்றிக் காட்ட நான் ஆள் ஏற்பாடு செய்கிறேன். வரும்போது கே2 மீட்டரையும் எடுத்து வாருங்கள், பட்டறையில் ஷார்ட் ஆன வயரைத் தேட உதவுமா என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
தர்மபுரி லாரி எலக்ட்ரீசியன் ஒருவன்