கோடை ரோபோட்டிக்ஸ் வகுப்பில் மல்டிமீட்டர் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்ததும் நாளிதழுக்குள் செருகி வரும் துண்டுப் பிரசுரங்களில் கோடைகால ரோபோட்டிக்ஸ் வகுப்புகளுக்குக் குறைவில்லை. பத்து நாள் பயிற்சி, முடிவில் சான்றிதழ், ‘உங்கள் குழந்தை சொந்தமாக ரோபோ செய்யும்’ என்ற உறுதிமொழி. சேர்க்கப்போகும் பெற்றோர் கட்டணத்தையும் ஏ.சி. அறையையும் விசாரிப்பதற்கு முன், ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வகுப்பில் மல்டிமீட்டர் உண்டா, அதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பீர்களா? மின்னழுத்தம், மின்னோட்டம் போன்றவற்றை அளக்கும், இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கருவிதான். அது இல்லாத வகுப்பில், ரோபோ ஏன் ஓடவில்லை என்பதைப் பிள்ளை கண்டுபிடிக்க வழியில்லை. பயிற்றுநர் வந்து சரிசெய்வதை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

பெரும்பாலான வகுப்புகளில் செய்யப்படுவது ஒரே வண்டிதான். வண்டிக்கு மூளையாக இருக்கும் ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு, அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல் 298 என் மோட்டார் டிரைவர் ஒன்று, மஞ்சள் நிற பிஓ மோட்டார் (பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார்) இரண்டு, சக்கரங்கள், அகச்சிவப்பு சென்சார் இரண்டு அல்லது தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, கொஞ்சம் ஜம்பர் வயர். சென்னை ரிச்சி தெருவில் தனித்தனியாக வாங்கினால் ஆயிரத்து சொச்சத்தில் முடிந்துவிடும். பொருள்களில் குறை ஒன்றுமில்லை. நன்றாகக் கற்றுக்கொடுக்க இவை போதும். கோளாறு தொடங்குவது இவற்றோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரியில்.

அந்த பேட்டரி புகை எச்சரிக்கைக் கருவி போன்ற, மிகக் குறைந்த மின்னோட்டம் இழுக்கும் சாதனங்களுக்கு ஏற்றது. இரண்டு பிஓ மோட்டார் ஒரே நேரத்தில் கிளம்பும்போது அவை இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் கொடுக்க முடியாது. உள்மின்தடை அதிகம் என்பதால் மின்னழுத்தம் சட்டென்று சரியும். போர்டு அணைந்து மறுபடி உயிர்பெறும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி ஒரு துள்ளு துள்ளி நிற்கும், மறுபடி துள்ளும். போர்டில் 13ஆம் முனைக்குரிய சிறு விளக்கு அந்த நேரத்தில் படபடவென்று சிமிட்டுவதைப் பார்த்தால் போர்டு ரீசெட் ஆகிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளமும் உண்டு. யூஎஸ்பி கேபிள் செருகியிருக்கும்வரை வண்டி ஒழுங்காக ஓடும், கழற்றியதும் தகராறு செய்யும். கேபிள் இருக்கும்போது போர்டுக்குக் கணினியிலிருந்து 5 வோல்ட் வந்துவிடுவதால் பேட்டரி மோட்டாருக்கு மட்டும் உழைத்தால் போதும். இதைப் பார்த்துவிட்டு “புரோகிராம் தப்பு, திரும்ப ஏத்து” என்று சொல்லும் வகுப்பில் அரை நாள் வீணாகிறது. மல்டிமீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்து, மோட்டார் ஓடாதபோது ஒரு தடவையும் ஓடும்போது ஒரு தடவையும் பேட்டரி முனைகளை அளந்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளையே குற்றவாளியைச் சொல்லிவிடும்.

மோட்டார் டிரைவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது. எல் 298 என் பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. உள்ளே போகும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 2 வோல்ட் அதிலேயே வெப்பமாகப் போய்விடும். 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் நான்கு போட்டால் மொத்தம் 4.8, மோட்டாருக்குப் போய்ச் சேருவது 2.8தான். வண்டி ஊர்ந்து போகும், தரைவிரிப்பில் ஏறாது. ஆறு செல் போட்டால் 7.2, மோட்டாருக்கு ஐந்து வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். அது சரியான அளவு. அல்லது டிபி 6612 வகை டிரைவரை வாங்கினால் இந்த இழப்பு மிகக் குறைவு.

18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் ரீசார்ஜ் செல் இரண்டு போடுவதும் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சக்திதான், ஆனால் பத்து வயதுப் பிள்ளைகள் வயர் செருகும் மேசையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு முனையும் தவறுதலாக ஒன்றோடொன்று பட்டால் வயர் உருகும், செல் தீப்பற்றவும் கூடும். மேலுறை கிழிந்த செல்லைத் தொடவே கூடாது. செல்லின் மேல் 9800 என்று அச்சிட்டிருந்தால் அது போலி. இந்த அளவு செல்லில் உண்மையான கொள்ளளவு பெரும்பாலும் 2000 முதல் 3500 மில்லியாம்பியர் மணி வரைதான் இருக்கும். வகுப்பில் இந்தச் செல் இருந்தால், பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதா, யார் சார்ஜ் செய்கிறார்கள், எங்கே வைத்துச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளையின் பையில் சாவிக்கொத்தோடு கிடந்து வீட்டுக்கு வரக் கூடாது.

அடுத்து, கோட்டைப் பின்தொடரும் வண்டி. அகச்சிவப்பு சென்சாரில் ஒரு குட்டி நீல நிறத் திருகு இருக்கும். வெள்ளை சார்ட்டின் மேல் விளக்கு எரிய வேண்டும், கருப்பு இன்சுலேஷன் டேப்பின் மேல் அணைய வேண்டும். அதுவரை சிறு ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிக்கொண்டே பார்க்க வேண்டும். தரையிலிருந்து சென்சார் ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. காலையில் ஜன்னல் ஓரம் சரிசெய்த வண்டி மாலையில் ஓடாது, ஏனென்றால் வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. மே மாத வெயில் நேராக விழும் இடத்தில் சென்சாருக்குக் கோடே தெரியாது. கோட்டை மார்க்கர் பேனாவால் போட்டால் வேறு தொல்லை: நம் கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும் சில மைகள் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை, சென்சாருக்கு அது வெள்ளைத் தாள் மாதிரியே. டேப்தான் நம்பகமானது. சென்சார் விளக்கைக் கைபேசியின் முன்பக்க கேமராவில் பார்த்தால் பெரும்பாலான கைபேசிகளில் இளம் ஊதாவாக ஒளிர்வது தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் தெரிகிறபோது பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். இதற்குச் செலவும் இல்லை.

புரோகிராமைக் கணினியில் தட்டுவதற்கு முன் தாளில் எழுத வைக்க வேண்டும். இரண்டு சென்சார் என்றால் நான்கே நிலைமைகள்: இரண்டும் வெள்ளை, இடது மட்டும் கருப்பு, வலது மட்டும் கருப்பு, இரண்டும் கருப்பு. முதல் மூன்றுக்குப் பிள்ளைகள் உடனே பதில் சொல்வார்கள். நான்காவதில்தான் தயங்குவார்கள், அங்கேதான் அவர்கள் யோசிக்கிறார்கள். நாற்சந்தியா, கோட்டின் முடிவா, நிற்பதா, நேரே போவதா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பயிற்றுநர் பென் டிரைவில் கொண்டுவந்த நாற்பது வரியை எல்லாப் போர்டிலும் ஏற்றிவிட்டால் இந்தத் தயக்கத்துக்கே இடமில்லாமல் போகிறது.

அல்ட்ராசோனிக் சென்சாரில் நம் ஊர் கோடையே ஒரு பாடம் வைத்திருக்கிறது. எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை மைக்ரோ விநாடியில் அளந்து 58ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வரும் என்று எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். அந்த 58, சுமார் 22 டிகிரி வெப்பநிலைக்குப் பொருந்துகிற எண். அறை 35 டிகிரியில் இருந்தால் ஒலி விநாடிக்கு 352 மீட்டர் வேகத்தில் போகும். சரியாக ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைச் சென்சார் 98 சென்டிமீட்டர் என்று காட்டும். தையல் டேப் ஒன்றும் வெப்பமானி ஒன்றும் இருந்தால் இந்த இரண்டு சென்டிமீட்டர் எங்கே போனது என்று தேட வைக்கலாம். பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்தில் வரப்போகிற சூத்திரத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை சுவரில் அளந்து பார்த்துவிடும். வகுப்பில் ஏ.சி. இருந்தால் அணைத்துவிட்டுச் செய்யலாம்.

சின்னச் சின்னக் கோளாறுகள் இன்னும் உண்டு. பேட்டரியின் நெகட்டிவும் போர்டின் கிரவுண்டும் இணையாமல் விட்டால் டிரைவருக்குக் கட்டளை போய்ச் சேராது. புளூடூத் மாட்யூலை, கணினியோடு பேசப் போர்டு பயன்படுத்தும் 0, 1 முனைகளில் மாட்டிவிட்டுப் புரோகிராம் ஏற்ற முயன்றால் ஏறாது; கழற்றிவிட்டு ஏற்ற வேண்டும். விலை மலிவான போர்டுகளில் யூஎஸ்பி இணைப்புக்கு சிஎச் 340 சிப் இருக்கும், அதற்கான டிரைவர் மென்பொருள் கணினியில் இல்லாவிட்டால் போர்டையே காட்டாது. இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றாது, அதனால் நேரே போகச் சொன்ன வண்டி ஒரு பக்கம் சாயும். வேகமான பக்கத்துக்குப் புரோகிராமில் உள்ள வேக எண்ணை, முழு வேகமான 255க்குப் பதில் 230, 235 என்று குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்றுநர்கள் இவற்றை முன்கூட்டியே சரிசெய்து வைப்பது பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையால்தான். ஆனாலும் ஒன்றிரண்டையாவது விட்டுவைக்க வேண்டும்.

வயதையும் பார்க்க வேண்டும். எட்டு, ஒன்பது வயதில் ஸ்கிராட்ச் போதும். அது இலவசம், கட்டைகளை இழுத்துப் போட்டே புரோகிராம் எழுதலாம். பத்து வயதுக்கு மேல் மைக்ரோபிட் என்ற சிறு போர்டு நன்றாக இருக்கும். ஆர்டுயினோவைப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் தொடங்கலாம். ஒரு கிட்டுக்கு இரண்டு பேர் இருக்கலாம். நான்கு பேர் என்றால் இருவர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் அந்த இருவர் அமைதியான பிள்ளைகளாக இருப்பார்கள். கடைசி நாளில் வண்டியை முழுக்கப் பிரித்து, எல்லா வயரையும் எடுத்துவிட்டு, பிள்ளையே மறுபடி மாட்ட ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்களா என்றும் கேளுங்கள்.

இந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாத வீடுகளே அதிகம். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ், 2016இல் தொடங்கி நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கான இடம் அது. மேலே சொன்ன பொருள்களும் மல்டிமீட்டரும் அங்கே இருக்க வேண்டியவை. கோடை விடுமுறையில் பள்ளியோடு சேர்த்து அதையும் பூட்டிவிட்டால், பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிற ஒரே மாதத்தில் அது யாருக்கும் பயன்படாது. மே மாதத்தில் காலை இரண்டு மணி நேரம், ஓர் ஆசிரியருக்கு மதிப்பூதியம் கொடுத்து, அருகிலுள்ள பொறியியல் அல்லது பாலிடெக்னிக் கல்லூரி மாணவர்கள் இருவரைத் துணைக்கு வைத்து, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் திறந்துவிட வேண்டும். ஆய்வகம் உள்ள பள்ளிகளின் பட்டியலைத் தங்கள் நாளிதழ் மாவட்ட வாரியாக வெளியிட்டால், பெற்றோர் நேரில் போய்த் தலைமை ஆசிரியரிடம் கேட்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
மின்னணுவியல் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி