பொலிஸ் உடுப்புப் போட்ட மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஹட்டனிலிருந்து பதுளை வரை உன் வேலையில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான். உன் பெயரும் ஸ்டேஷனும் இதில் வராது, பயப்படாதே.

பிடித்து வந்த பையன் தமிழில் சொன்னதை நீ சிங்களத்தில் சொன்னாய். எழுதியது வேறு யாரோ. கடைசியில் 'வாசித்துக் காட்டினேன், விளங்கிக்கொண்டார்' என்று உன்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். வாசித்துக் காட்டவே இல்லை. அவன் கை வீங்கியிருந்ததையும் நீதான் சொன்னாய். அப்புறம், "சொன்னதைச் செய்தேன், என்மேல் என்ன குற்றம் மாமா?" என்கிறாய்.

சிங்கராசா வழக்கைத் தேடிப் படி. 1993இல் பிடிபட்ட தமிழர் அவர். அவருக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள். நடுவில் மொழிபெயர்த்தவர் உன்னைப் போல ஒரு கான்ஸ்டபிள். அந்தத் தாளை வைத்து 1995இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆனது. அது அநியாயம் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. நம் உயர் நீதிமன்றம் அசையவில்லை.

இதற்கெல்லாம் இடம் கொடுப்பது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979இல் மூன்று வருடத்துக்கு என்று வந்தது, 1982இல் நிரந்தரமாகிவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேலுள்ளவரோ எடுத்த வாக்குமூலம் அதில் சாட்சியம். அடித்து வாங்கியது என்றால் அடிபட்டவனே நிரூபிக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததை அவன் எதை வைத்து நிரூபிப்பான்? உன் கையெழுத்து வேறு எதிரே நிற்கும்.

உனக்கும் பாதுகாப்பில்லை. சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில், மேலதிகாரி சொன்னார் என்பது எதிர்வாதமே ஆகாது. உடந்தையாக இருந்தவனுக்கும் ஏழு வருடத்துக்குக் குறையாது. அந்தச் சட்டத்தில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் அடைத்து வைத்திருந்த தமிழர்கள் 25 பேருக்கு மேல் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டபோது பொலிஸ் துப்பாக்கியோடு பக்கத்திலேயே நின்றது. வழக்கு நடந்தது, 2005க்குள் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் வெளியே. பண்டாரவளைப் பக்கம் டியூட்டி விழுந்தால் அந்த வழியாகத்தான் போவாய்.

வேலையை விடச் சொல்வார் உன் சித்தப்பா. அவருக்கென்ன, கொழும்பில் கடை இருக்கிறது. நான் சொல்ல மாட்டேன். நீ போனால் அந்தப் பையன்கள் சொல்வது விளங்க அங்கே ஒருத்தரும் இல்லை.

கொழுந்து நிறுக்கும்போது உன் அம்மா கணக்கப்பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்ப்பாள், ஞாபகமா? தராசில் ஒன்று புத்தகத்தில் ஒன்று என்றால் விட மாட்டாள். அரைப் பேர் என்று அரை நாள் சம்பளம் போட்டால் அன்றைக்கு மலையே அதிரும். அவள் மகன்தானே நீ.

அடுத்த முறை தாளை நீட்டினால், "வாசித்துக் காட்டிவிட்டு வைக்கிறேன் சேர்" என்று சொல்லு. முடியாது என்று முறைக்காதே, நேரம் கேள். விடாவிட்டால் கையெழுத்து வைக்காதே. உன் குறிப்புப் புத்தகத்தில் திகதியும் நேரமும் எழுதி வை. ஏசுவார்கள், இடமாற்றம் வரும். மொனராகலையிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

இடமாற்றக் கடிதம் வந்தால் அம்மாவிடம் நான் பேசுகிறேன். அவளிடம் ஏச்சு வாங்கி எனக்குத்தான் பழக்கம்.

மாமா