‘சாப்டியா’வுக்கு இங்கிலீஷில் என்ன?

அன்புள்ள தேன்மொழி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை கேட்டேன். “அக்கா, எங்க ரெண்டு பேர் சேட்ல விசாவுக்கு எடுத்துக் காட்டறதுக்கு ஒண்ணுமே இல்லக்கா. சாப்டியா, தூங்குனியா, மழையா அங்க, அவ்ளோதான் இருக்கு” என்று சொல்லியிருந்தாய். முதல் தடவை சிரித்துவிட்டேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. 2017இல் உறையூர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து நானும் இதே கவலையைத்தான் பட்டேன்.

பிரிட்டனுக்கான மனைவி விசாவில் அவர்கள் கேட்பது சுருக்கமாக இதுதான். கல்யாணம் சட்டப்படி நடந்திருக்க வேண்டும், இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், உறவு உண்மையானதாகவும் நடப்பில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். கூடவே மாப்பிள்ளையின் வருமானம், நீ போய் இறங்கப்போகும் வீடு, உன் இங்கிலீஷ், உன் நுரையீரல். கடைசி இரண்டை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அங்கீகரித்த கிளினிக்கில் காசநோய்க்கான எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், அதனால் முந்திக்கொண்டு ஓடாதே. இங்கிலீஷுக்கு ஏ1 என்ற தொடக்க நிலைப் பேச்சுத் தேர்வு போதும். நீ எம்.ஏ. இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருந்தாலும், தேர்வுக்குப் பதிலாக அதைக் காட்டுவதென்றால் அங்கே எக்டிஸ் என்ற அமைப்பிடம் காசு கட்டி உறுதிப்படுத்தி வாங்க வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், இன்னொரு ஆளோடு ஜோடியாக உட்கார்ந்து ‘எனக்குப் பிடித்த சாப்பாடு’ பற்றிப் பேசிக் காட்டுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், போய் வா.

வருமானம்தான் பெரிய மலை. 2012 ஜூலையில் இந்த விதியைக் கொண்டுவந்தபோது வருஷத்துக்கு 18,600 பவுண்ட் என்று வைத்தார்கள். நான் விண்ணப்பம் போட்ட வருஷம் பிப்ரவரியில் அந்த ஊர் உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்த வழக்கில் தீர்ப்பு வந்தது. பல குடும்பங்களுக்கு இது கஷ்டம்தான், ஆனாலும் வரம்பு செல்லும் என்றார்கள். குழந்தைகளின் நலனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று மட்டும் ஒரு குட்டு வைத்தார்கள். உங்கள் அத்தான் அன்றைக்கு போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. 2024 ஏப்ரலில் அதுவே 29,000 ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு 31,000 வருகிறது என்று சித்தி சொன்னாள். அப்படியென்றால் தப்பித்தீர்கள்.

ஆனால் ஒன்று. உன் கல்லூரிச் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. ஒரு ரூபாய்கூட வராது. நீ இங்கே சம்பாதிப்பது அவர்களுக்கு வருமானமே இல்லை. அங்கே இருப்பவர் சம்பாதிப்பதுதான் வருமானம். எட்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்த எனக்கு இதைப் படித்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சேமிப்பு மட்டும் யார் பெயரில் இருந்தாலும் சேரும். அதுவும் வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட் ஆறு மாதம் கணக்கில் அப்படியே கிடக்க வேண்டும். அப்பா போட்ட நகையையெல்லாம் காட்டலாமா என்று அம்மா கேட்டாள். பாவம். பீரோவில் இருக்கும் நகை அவர்கள் கண்ணுக்குப் பணம் இல்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஊரில் எல்லாரும் ‘ஏதோ பேப்பர் பிரச்சினை’ என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும்.

அத்தான் அப்போது ஒரு கடையில் வேலை பார்த்தார். ஆறு மாத பேஸ்லிப்பும் அதே ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டும் வைக்க வேண்டும். இரண்டும் பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். நாலாவது மாதம் முதலாளி, “கணக்குல கொஞ்சம் டைட்டா இருக்கு தம்பி” என்று சொல்லி 300 பவுண்டைக் கையில் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். பேஸ்லிப்பில் முழுச் சம்பளம், வங்கியில் 300 குறைவு. இவர் அந்தப் பணத்தை வீட்டு வாடகைக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டார். நானும் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் அது பெரிய விஷயம் என்று தோன்றவில்லை. வங்கியில் வேலை பார்த்தவள்!

மறுத்துவிட்டார்கள். கடிதத்தில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஒரு மாதச் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கிறது, அதனால் வருமான நிபந்தனை நிறைவேறவில்லை, அவ்வளவுதான். அந்த ஊர் அரசு மருத்துவத்துக்காக விண்ணப்பத்தோடு முன்கூட்டியே கட்டிய மருத்துவக் கட்டணம் திரும்பி வந்தது, விசா கட்டணம் வரவில்லை. மறுபடி ஆறு மாத பேஸ்லிப் சேர்க்க வேண்டும். அதற்குள் எக்ஸ்ரே சான்றிதழ் காலாவதி. மறுபடி சென்னைக்கு ராக்போர்ட் எக்ஸ்பிரஸ், மறுபடி மூச்சை இழுத்துப் பிடி, விடு.

ஆகவே மாப்பிள்ளையிடம் இரண்டே விஷயம் சொல். இப்போதைக்கு வேலை மாற வேண்டாம். ஒரே இடத்தில் ஆறு மாதம் இருந்தால் கணக்கு சுலபம். நடுவில் மாறினால் பன்னிரண்டு மாதக் கணக்குக்குப் போய்விடும். அப்புறம், நீங்கள் விண்ணப்பத்தைப் போடும் தேதிக்கு 28 நாளுக்குள் கடைசி பேஸ்லிப்பும் ஸ்டேட்மென்ட்டும் இருக்க வேண்டும். விசா கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி 1,938 பவுண்ட், மருத்துவக் கட்டணம் வருஷத்துக்கு 1,035 என்று மூன்று வருஷத்துக்கு 3,105. ரூபாயில் ஐந்தரை லட்சத்துக்கு மேல். நான் போனபோது மருத்துவக் கட்டணம் வருஷத்துக்கு 200தான். அப்போதே அப்பா, “இதுல ஒரு கல்யாணம் பண்ணிடலாமே” என்றார்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

நம் வீட்டுக் கல்யாணம் அவர்களுக்குப் புரியாது என்பதுதான் உன் பயம். பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிச்சயம் அடுத்த மாதம், கல்யாணம் முடிந்து பதினெட்டாவது நாள் மாப்பிள்ளை ஃபிளைட் ஏறிவிட்டார். சேர்ந்து எடுத்த போட்டோக்களில் பாதியில் பின்னால் பெரியம்மா நிற்கிறாள். இந்தச் சந்தேகப் பார்வை இன்று நேற்று வந்ததில்லை. 1997 வரை அந்த நாட்டில் ஒரு விதி இருந்தது. கல்யாணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அதற்கும் முன்னால், 1979இல், நிச்சயிக்கப்பட்டவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்த ஓர் இந்தியப் பெண்ணை ஹீத்ரோ விமான நிலையத்தில் நிறுத்தி, டாக்டரை வைத்துக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். பத்திரிகையில் வெளியாகி நாறிய பிறகுதான் நிறுத்தினார்கள். இதைப் படித்த அன்று என் எக்ஸ்ரே எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தப் பயத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சேட்டில் ‘காட்டும்படியாக’ எழுத ஆரம்பித்தேன். ஐ மிஸ் யூ, கவுன்டிங் தி டேஸ், இதய பொம்மை மூன்று. தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதி, இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். செலவு மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலைந்து நாள் போனது. ஒரு ராத்திரி அத்தான் எழுதினார்: “யாருக்குடி இந்த இங்கிலீஷு?”

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் முகம் தெரியாத ஓர் அதிகாரியை நாற்காலி போட்டு நான்தான் உட்கார வைத்திருந்தேன். அன்றைக்கு அத்தானுக்குக் காய்ச்சல். அவர் சாப்பிட்டாரா என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது உள்ளதை உள்ளபடி வைத்தேன். மாதத்துக்கு ஒரு பக்கம் சேட், நாம் பேசுகிற மாதிரியே. மொழிபெயர்க்க உட்கார்ந்த டீச்சர் ‘சாப்டியா’வில் நின்றுவிட்டார். “ஹேவ் யூ ஈட்டன்னு போட்டா ஏதோ ஹோட்டல் சர்வர் கேக்கற மாதிரி இருக்கேம்மா” என்றார். கடைசியில் அப்படியேதான் போட்டார். நான் என் கடிதத்தில் ஒரு பத்தி சேர்த்தேன்: எங்கள் ஊரில் கணவன் மனைவி போனில் முதலில் கேட்பது இதைத்தான், இதற்குப் பதில் வராத நாளில் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், அடுத்த பக்கத்தில் அந்தச் சண்டையும் இருக்கிறது என்று. அதைப் படித்தார்களா, எனக்குத் தெரியாது. விசா வந்தது. ஆகமொத்தம் பதினான்கு மாதம்.

நீயும் கல்யாணம் எப்படி நிச்சயமானது என்று ஒரு பக்கம் எழுது. யார் சொல்லி வந்தார்கள், முதலில் என்ன பேசினீர்கள், பதினெட்டு நாளில் எங்கெல்லாம் போனீர்கள். போட்டோக்களில் பெரியம்மாவை வெட்டாதே. இருநூறு போட்டோ வைக்காதே, இருபது போதும், பின்னால் தேதியும் இடமும். கால் ஹிஸ்டரி, அவர் பணம் அனுப்பிய ரசீது, ஃபிளைட் டிக்கெட், இவையெல்லாம் அலட்டாமல் பேசும். சார்பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழ்தான் கல்யாணத்துக்கு ஆதாரம். கோயிலில் கொடுத்த ரசீது போதாது. மாப்பிள்ளை தங்கியிருக்கும் அறைக்கு வீட்டுக்காரரிடம், மனைவியும் வந்து தங்கலாம் என்று ஒரு கடிதம் வாங்கச் சொல். முடிவு வர 12 வாரம் என்பார்கள். நாள் எண்ணாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

உன்னை இன்றே உட்கார்ந்து பார்க்கச் சொல்வது ஒன்றுதான். பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு ஆளாக இருக்கிறோம். எனக்குப் பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. மூன்றும் நான்தான் என்று நோட்டரியிடம் போய்ச் சத்தியம் பண்ணினேன். சித்தப்பா பெயர் உன் பாஸ்போர்ட்டில் எந்த ஸ்பெல்லிங்கில் இருக்கிறது, கல்யாணச் சான்றிதழில் எந்த ஸ்பெல்லிங்கில் இருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. சனிக்கிழமை எனக்கு லீவு, உங்கள் நேரம் மதியம் இரண்டுக்கு மேல் கூப்பிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்.

அன்புடன்
அக்கா