மில்லிமீற்றர் போதாது, குளம் எத்தனை அடி என்று போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் பத்திரிகையின் ஓரத்தில் வந்த வானிலைச் செய்தியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வடக்கு மாகாணத்தில் சில இடங்களில் மாலையிலோ இரவிலோ இடியுடன் மழை பெய்யலாம் என்று போட்டிருந்தீர்கள். பிழை இல்லை, பெய்தது. ஆனால் கிளிநொச்சியில் எங்கள் கண்டாவளைப் பக்கம் இல்லை, றோட்டுக்கு அந்தப் பக்கம். நான் காயப்போட்ட விதைநெல்லை அவசர அவசரமாக அள்ளிக் கட்டி முடித்துவிட்டு நின்று பார்க்கிறேன், முற்றத்தில் ஒரு துளி இல்லை. அந்தப் பக்கத்து அண்ணை அள்ளவில்லை, அவருடைய நெல் முழுக்க நனைந்துபோனது.

இதற்காக வானிலை சொல்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பங்குனி, சித்திரை மழை அப்படித்தான். ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் நேரே உச்சியில் நிற்கும், நிலம் அடுப்பு மாதிரிச் சூடாகும், மத்தியானத்துக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு கடற்காற்றும் மன்னார்க் கரையிலிருந்து இன்னொன்றும் உள்ளே வந்து வன்னியின் நடுவில் முட்டுப்படும், ஒரு மணித்தியாலத்துக்குள் முகில் மலை மாதிரி எழும்பிவிடும். அது எந்த ஊருக்கு மேல் கொட்டும் என்று காலையிலேயே ஒருவராலும் சொல்ல முடியாது. சரி, விடுங்கள்.

சொல்லக்கூடியது மின்னலைப் பற்றித்தான். மழை வரும் என்றால் எங்கள் ஆட்கள் காவல் கொட்டிலுக்குள் ஓடுவார்கள், இல்லாவிட்டால் வரம்போரப் பாலைமரத்துக்குக் கீழே. இரண்டும் ஆபத்து. சுவரில்லாத கொட்டில் மழைக்குத்தான் உதவும், மின்னலுக்கு இல்லை. மின்னல் கண்டு மூன்று செக்கன் கழித்து இடி கேட்டால் அது ஒரு கிலோமீற்றருக்குள் இறங்கியிருக்கிறது, முப்பது செக்கன் என்றால் பத்துக் கிலோமீற்றர். ஆனால் பத்துக் கிலோமீற்றர் தானே என்று நிற்கவும் கூடாது, இடிச் சத்தம் கேட்டாலே வயலை விட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். இதை வருடத்தில் ஒருநாள் கட்டுரையாகப் போடாமல் பங்குனி முழுக்க நாளுக்கு இரண்டு வரி போடலாமே.

ஆனால் என் உண்மையான மனக்குறை வேறு. கார்த்திகையிலும் மார்கழியிலும் இதே வசனத்தைத்தான் நீங்கள் போடுகிறீர்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்து நிற்கிற நேரத்திலும் "வடக்கில் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை" என்று ஒரு வரி. யாழ்ப்பாணத்துக்கும் எங்களுக்கும் ஒரே வரி! யாழ்ப்பாணம் சுண்ணக்கல் நிலம், பெய்வதில் ஒரு பகுதி கீழே இறங்கிப்போகும். வன்னியில் அது குளத்துக்கு ஓடும், குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் வான் (கலிங்கு) வழியாகப் பாய்ந்து அடுத்த குளத்துக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு. 100 மில்லிமீற்றர் என்பது ஒரு ஏக்கருக்கு நாலு லட்சம் லீற்றர் தண்ணீர். எத்தனை ஆயிரம் ஏக்கர் காட்டுத் தண்ணீர் ஒரே குளத்துக்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குள் விழுந்து, அங்கிருந்து எங்கள் கண்டாவளைப் பக்கமாகச் சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகிறது. அதனால் எங்களுக்கு வெள்ளம் வருவதற்கு எங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்றில்லை. மேலே பெய்தால் போதும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் 14 வான்கதவுகளும் திறந்தபோது அதை நேரில் பட்டோம். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் குளத்தைத் திருத்தி, 34 அடியாக இருந்த கொள்ளளவை 36 அடியாக்கியிருந்தார்கள். அன்றிரவு மழை வரும் என்பது எங்களுக்குத் தெரியும். குளம் எத்தனை அடியில் நிற்கிறது, கதவு எப்போது திறப்பார்கள் என்பதுதான் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகளையும் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு போனோம். நெல் மூட்டைகள் அப்படியே நின்றன.

மன்னார்ப் பக்கம் நிலைமை இன்னும் விசித்திரம். அருவி ஆற்றை வடமத்திய மாகாணத்து அனுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்பார்கள், அது தம்புள்ளைப் பக்கத்தில் தொடங்கி வருகிறது. அனுராதபுரத்தில் கொட்டிய மழை பிறகு மன்னாரில் வந்து கரையை மீறும். அதை வடக்கு மாகாண வானிலைக்குள் தேடினால் எப்படி இருக்கும்?

இந்த இடைவெளியில்தான் வட்சப் குரல்பதிவுகள் புகுந்துவிடுகின்றன. மழை வருகிற ஒவ்வொரு வருடமும் "குளம் உடைக்கப்போகுது" என்று யாரோ ஒருவர் மூச்சிரைக்கச் சொல்லிவிடுவார், அது கனடாவுக்குப் போய், அங்கிருந்து எங்கள் அக்கா இரவு இரண்டு மணிக்கு எடுத்து அழுவார். நான் டோர்ச்சோடு குளக்கட்டின் அலைகரைக்குப் போய் நிலைமையைப் பார்த்து வந்து அவவுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும்.

என் கேள்வி இதுதான். தங்க விலைக்குத் தினமும் ஒரு பெட்டி ஒதுக்குகிறீர்கள். பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி போட முடியாதா? இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம், தண்ணிமுறிப்பு. நேற்று எத்தனை அடி, நிரம்ப இன்னும் எத்தனை அடி, வான் பாய்கிறதா இல்லையா. அளவு தினமும் எடுக்கிறார்கள்தானே, உங்கள் கிளிநொச்சி நிருபர் ஒரு போன் போட்டால் கிடைக்கும். கார்த்திகையில் தொடங்கித் தை முடியும்வரை போட்டாலே பெரிய காரியம்.

அப்புறம் இன்னொன்று. பங்குனியிலும் அந்தப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். கோடை நெல்லான சிறுபோகத்துக்கு வைக்கிற கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்துத் தண்ணீரை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். இந்த முறை நான் அந்த அடிக் கணக்கைத் தேநீர்க் கடையில்தான் கேட்டேன். மூன்று பேர் மூன்று கணக்குச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
கண்டாவளையிலிருந்து ஒரு வாசகன்