பலாப்பழ வண்டி இடித்தது, போனஸ் போனது எனக்கு

மோட்டார் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எனக்குப் பாலிசி கொடுத்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உங்களில் யாரிடம் வாங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் காரை ஓரங்கட்டிப் பூட்டிவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பண்ருட்டிப் பலாப்பழம் ஏற்றிவந்த குட்டியானை ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. கூட வந்த பையன் பின்னால் நின்று "வா, வா, வா" என்று தட்டிக்கொண்டே இருந்தான். கடைசி 'வா'வில் என் காரின் பின்பம்பர் உள்ளே போயிருந்தது. ஒரு டெயில் லாம்ப் நொறுங்கி, டிக்கிக் கதவில் உள்ளங்கை அளவுக்கு நசுங்கல்.

டிரைவர் இறங்கி வந்தார். சண்டை எதுவும் போடவில்லை. "தப்பு எம்மேலதாண்ணே. உங்களுக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குமே, அதுல போட்டுக்குங்க" என்று 500 ரூபாயையும் ஒரு பலாப்பழத்தையும் நீட்டினார். பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இதற்குத்தானே வருடா வருடம் பணம் கட்டுகிறோம்?

பாண்டிச்சேரி ஷோரூமில் வண்டியை விட்டேன். கிளெய்ம் ஃபாரத்தில் எதிர்வண்டி எண் கேட்டிருந்தார்கள், எழுதிக் கொடுத்தேன். சர்வேயர் வந்து நாலு போட்டோ எடுத்தார். எதிரே இருந்த மருந்துக்கடையின் சிசிடிவி பதிவு என் போனில் இருக்கிறது, காட்டட்டுமா என்றேன். "அதெல்லாம் வேண்டாம் சார், யார் மேல தப்புன்னு இதுல பார்க்கிறதில்ல" என்றார். அன்றைக்கு அது எனக்குச் சாதகமான பேச்சு என்றே நினைத்துக்கொண்டேன்.

பில் 16,400 ரூபாய். பம்பரும் லாம்பும் பிளாஸ்டிக் என்பதால் அவற்றின் 8,400 ரூபாயில் பாதிதான் தருவீர்கள். தட்டி, பெயின்ட் அடித்த 8,000 ரூபாயில் பெயின்டுக்கு என்று 1,000 கழிந்தது. அப்புறம் ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. நீங்கள் கொடுத்தது 10,200, நான் போட்டது 6,200. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது புதுப்பிப்பு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஐந்து வருடம் ஒரு கிளெய்மும் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, பூஜ்யமாகிவிட்டது.

இந்தத் தள்ளுபடியைக் கழிக்காமல் பார்த்தால் என் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பங்கு, சுமார் 12,000. இப்போதைய பாலிசிக்கு அதில் பாதி, 6,000 கட்டினேன். இனி முதல் வருடம் 12,000. அடுத்தடுத்த வருடங்களில் போனஸ் 20, 25, 35, 45 என்று ஏறும்போது 9,600, 9,000, 7,800, 6,600. ஆறாவது வருடம்தான் பழைய இடத்துக்குத் திரும்புவேன். கூடுதலாகக் கட்டுவது 15,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 17,700. வண்டியின் மதிப்பு குறையக் குறைய அடிப்படைப் பிரீமியமும் கொஞ்சம் இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். அப்படி இறங்கினாலும் நீங்கள் கொடுத்த 10,200-ஐ மீறித்தான் என்னிடமிருந்து திரும்ப வரும். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் இந்தப் போனஸ் கிடையாது என்பதால் அது மட்டும் தப்பித்தது.

ஏஜென்டுக்கு போன் செய்தேன். "சின்ன அடிக்கெல்லாம் கிளெய்ம் போடக்கூடாது சார், முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். வாங்கும்போது இந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை.

உங்களுக்குள் 'நாக் ஃபார் நாக்' என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு வண்டிகள் மோதினால் அவரவர் வாடிக்கையாளரின் சேதத்தை அவரவர் நிறுவனமே பார்த்துக்கொள்வது, எதிர் நிறுவனத்திடம் வசூலிக்கப் போவதில்லை என்பது. வழக்குச் செலவு மிச்சம், வேலையும் சீக்கிரம் முடியும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வசூலிக்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்ததற்கு என் போனஸ் ஏன் போக வேண்டும்? அந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லையே.

குட்டியானையின் தேர்ட் பார்ட்டி பாலிசியில் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம்தான். அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போக வேண்டும். போலீஸில் புகார், வக்கீல், வாய்தா. 16,400 ரூபாய்க்காக எத்தனை தடவை கோர்ட்டுக்கு அலைவது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரில் இருக்கும் என் மைத்துனரின் கார் சீட் வரை தண்ணீரில் நின்றது. கிளெய்ம் போட்டார், அவருக்கும் போனஸ் போனது. அவர் மேலும் தப்பில்லைதான். ஆனாலும் புயலிடம் போய் யாரும் வசூலிக்க முடியாது, அந்தச் செலவு எங்கேயாவது விழுந்துதான் ஆக வேண்டும் என்று அவரை என்னால் சமாதானப்படுத்த முடிகிறது. பலாப்பழ வண்டி அப்படியில்லை. அதற்கு நம்பர் பிளேட் இருக்கிறது. அதன் பாலிசிக்குப் பிரீமியம் வாங்கியதும் உங்களில் ஒருவர்தான்.

கூடுதல் பணம் கட்டினால் போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் உண்டு என்கிறார் ஏஜென்ட். என் வீட்டுச் சாவியை நீங்கள் வைத்துக்கொண்டு, எனக்கே பூட்டு விற்பதுபோல இருக்கிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தி வைத்த வண்டியில் இன்னொரு வண்டி மோதி, அதன் எண்ணும் தெரிந்து, தப்பு அவர்களுடையது என்பதற்குச் சான்றும் இருந்தால், வாடிக்கையாளரின் போனஸை விட்டுவையுங்கள். பணத்தை உங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பைசல் செய்துகொள்ளுங்கள். அது ஆகாது என்றால், கிளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரு வரியாவது அச்சிடுங்கள்: 'இந்தக் கிளெய்மால் அடுத்த வருடம் உங்கள் பிரீமியம் இத்தனை ரூபாய் கூடும்.' கணக்கு உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அந்த வரியைப் பார்த்திருந்தால் 16,400-ஐயும் கையிலிருந்தே கொடுத்திருப்பேன், அந்த 500 ரூபாயையும் வாங்கியிருப்பேன்.

என் பாலிசி அடுத்த மாதம் 14-ஆம் தேதி முடிகிறது. சிசிடிவி பதிவை இன்னும் அழிக்கவில்லை.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு பாலிசிதாரர்