ஏசிக்கு டெண்டர் விடும் முன்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கும், கட்டடக் குழு உறுப்பினர்களுக்கும், பராமரிப்புப் பிரிவுப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

வகுப்பறைக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு ஏசி போடுவது பற்றிக் குழுவில் பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்டோம். நல்லதுதான். மாணவர்கள் படும் பாடு மேலிடத்தின் கண்ணில் பட்டதே பெரிய விஷயம். ஆனால் டெண்டர் போகும் முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அந்த அறைகளில் எந்த நேரத்தில் எவ்வளவு சூடு, அது கூரையிலிருந்து வருகிறதா சுவரிலிருந்து வருகிறதா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. குழு கூடுவதோ தரைத்தளத்தில், கதவைச் சாத்தி ஏசி ஓடும் அறையில். அங்கே உட்கார்ந்து மூன்றாவது மாடி வெயிலைப் பற்றிப் பேசினால் பேச்சு இன்னொரு ஏசியில்தான் போய் முடியும்.

நான் அந்த மாடியில் இயற்பியல் பாடம் எடுப்பவன். சித்திரை மாதத்துப் பிற்பகல் தேர்வுக்கு ஒரு நாள் உங்களில் யாராவது மேற்பார்வைக்கு வந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. விடைத்தாள் நனையாமலிருக்க மாணவர்கள் கைக்குட்டையை மடித்து மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பவர் தாள் பறக்கிறது, வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்பார். சுவரோரம் இருப்பவர் கூட்டச் சொல்வார். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் அந்த வரிசைக்கே ஒரு ரெகுலேட்டர்தான். 4 மணிக்கு மேற்குச் சுவரில் உள்பக்கமாகக் கை வைத்துப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். அதே நேரத்தில் தரைத்தளத்து வடக்கு அறையில் உட்கார்ந்து நிம்மதியாகப் படிக்கலாம். கட்டடம் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். ஒரு பிள்ளை எந்தச் சூட்டில் தேர்வு எழுதும் என்பது மட்டும் ஹால் டிக்கெட்டில் விழும் அறை எண்ணைப் பொறுத்தது.

சூடு என்றவுடன் தெர்மாமீட்டரில் ஏறும் எண்தான் நினைவுக்கு வருகிறது. அது ஆறில் ஒன்று. காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள சுவரும் கூரையும் நம்மேல் வீசும் கதிர்வெப்பம், காற்று நகரும் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, உடல் செய்யும் வேலை ஆகிய ஆறும் சேர்ந்துதான் ஓர் அறை உட்காரும்படி இருக்கிறதா இல்லையா என்பது முடிவாகிறது. டென்மார்க் பேராசிரியர் ஃபாங்கர் 1970இலேயே இந்த ஆறையும் ஒரே கணக்கில் கொண்டுவந்துவிட்டார். அவர் கணக்கின்படி, எவ்வளவு நன்றாக அமைத்த அறையிலும் நூற்றுக்கு 5 பேர் குறை சொல்லத்தான் செய்வார்கள். ஆகவே எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது என்று குழுவில் யாராவது சொன்னால், சரி, அதை ஒப்புக்கொள்கிறோம். எங்கள் மாடியில் குறை சொல்வது அந்த 5 பேர் அல்ல.

ஃபாங்கரின் கணக்கு மூடிய சோதனை அறையில் பிறந்தது. மின்விசிறிக்கும் திறந்த ஜன்னலுக்கும் பழகிய நம் உடம்புக்கு அது அப்படியே பொருந்தாது. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை உட்பட ஐந்து இந்திய நகரங்களில் அலுவலகம் அலுவலகமாகப் போய், வேலை செய்துகொண்டிருந்தவர்களையே கேட்டு ஒரு கணக்கை உருவாக்கினார்கள். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. ஏசி இல்லாத கட்டடத்துக்கு அது சொல்வது எளிமையானது: கடந்த 30 நாள் வெளி வெப்பநிலையின் சராசரியை 0.54ஆல் பெருக்கி, 12.83ஐக் கூட்ட வேண்டும். வருவதுதான் அறைக்குள் உடம்புக்கு இதமான வெப்பநிலை. சராசரி 32 டிகிரி என்றால் சுமார் 30 டிகிரி வரும். அதற்கு மேலும் கீழும் 2.4 டிகிரி வரை போனாலும் பத்தில் ஒன்பது பேர் பரவாயில்லை என்பார்கள். அதாவது 32 டிகிரியைத் தாண்டியும் நம்மால் தாங்க முடியும். நாங்கள் 24 டிகிரி கேட்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏசி கேட்டு அடம்பிடிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு ஓடுகிறது.

அப்புறம், நம் கட்டடத்தின் முகப்பு. நுழைந்ததும் ஆத்தங்குடி டைல்ஸ், மரத்தூண், சுவரில் பழைய வீட்டு வாசலின் பெரிய புகைப்படம். விருந்தினர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் செட்டிநாட்டைத் தரையில் பதித்துவிட்டு மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கட்டடம் அது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பழைய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். வெளியே தெரு கொதித்தாலும் முகப்பைத் தாண்டி வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், கால் வைக்கும்போது உடம்பு லேசாகும். மாயம் ஒன்றும் இல்லை. நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட்ட கூரை, அதன் இடுக்கில் தங்கும் காற்று, கனத்த சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, உயரமான உள்கூரை. முன்வாசலில் நின்றால் ரெண்டாங்கட்டு என்னும் அடுத்த பகுதியைத் தாண்டிப் பின்வாசல் தெரியும். காற்று நுழையவும் வெளியேறவும் நேர்வழி இருக்கிறது. முற்றம் இரவெல்லாம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது, பகலில் வாங்கிய சூட்டை அந்த வழியாகத்தான் வீடு இறக்கி வைக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் சேர்ந்தபோது நாமும் பெருமைப்பட்டோம். பெருமை டைல்ஸோடு நின்றுவிட்டது. அறுபது பேர் உட்காரும் வகுப்பறையை வளவு வீடு மாதிரி கட்டச் சொல்லும் அளவுக்கு நான் பழம்பெருமை பேசுபவனும் அல்ல. அந்த வீடுகளிலும் உள்ளறைகள் இருட்டுத்தான், அடுப்படியில் நின்றவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆனால் சூடு எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்ற யோசனை அவற்றில் இருந்தது. அதைத்தான் கேட்கிறேன்.

நம் மாடிக்குச் சூடு வரும் வழிகளைப் பாருங்கள். முதலில் கூரை. நாம் 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும், அதாவது செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கும் நாட்களில் கான்கிரீட் கூரை தோசைக்கல்லாகக் காய்கிறது. நண்பகலில் வாங்கிய சூட்டை உடனே இறக்காமல் சில மணி நேரம் கழித்துப் பிற்பகல் தேர்வு நடக்கும்போது கீழே இறக்கும். மின்விசிறி அந்தக் கூரையை ஒட்டிய சூடான காற்றைத்தான் நம் தலைமேல் தள்ளுகிறது. அடுத்தது மேற்குக் கண்ணாடி. சன்ஷேடு இருக்கிறதே என்பீர்கள். உச்சி வெயிலுக்குத்தான் அது. 4 மணி வெயில் தாழ்ந்து வந்து அதற்கு அடியில் நுழைந்துவிடும். அங்கே செங்குத்தான தடுப்போ வெளிப்பக்கத் தட்டியோதான் உதவும். உள்ளே திரை போட்டால் வெளிச்சம் குறையும், ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் வந்ததுதான்.

மூன்றாவது வழியை யாரும் கவனிப்பதில்லை. மாலையில் வாட்ச்மேன் மாடி மாடியாகப் போய் எல்லா ஜன்னல்களையும் சாத்திப் பூட்டிவிடுகிறார். அவர்மேல் தவறு இல்லை, அது அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. மழை வரும், குரங்கு வரும், ப்ரொஜெக்டர் காணாமல் போகும். ஆனால் வெளிக்காற்று குளிர்ந்து கட்டடம் ஆறுவதற்குக் கிடைக்கும் ஒரே நேரமும் அந்த இரவுதான். காலையில் முதல் வகுப்புக்குக் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிப்பது நேற்றைய வெயில். இதற்கு ஏசி வேண்டாம். வென்டிலேட்டர்களில் அடித்திருக்கும் ப்ளைவுட்டைக் கழற்றிவிட்டுக் கம்பியும் வலையும் போட்டால் இரவில் திறந்தே வைக்கலாம். ஜன்னல்களும் அலுமினிய ஸ்லைடிங் வகை, எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். அடுத்த கட்டடத்திலாவது முழுக்கத் திறக்கும் ஜன்னல் போடுங்கள்.

இத்தனையையும் விட்டுவிட்டு ஏசி போட்டால் என்ன ஆகும்? உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் வெளிவிடும் வெப்பம் ஏறக்குறைய 100 வாட். அறுபது பேருக்கு 6 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது மூன்றரை கிலோவாட். மாணவர்களின் உடம்புச் சூட்டுக்கே கிட்டத்தட்ட இரண்டு டன் போய்விடும். காய்ந்த கூரைக்கும் மேற்குக் கண்ணாடிக்கும் தனியாக எத்தனை டன் என்பதை டெண்டர் போடுபவர்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்ப்ளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடும், புதுக் காற்றைக் கொண்டுவராது. கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரியமில வாயு ஏறினால் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள், பாடம் சரியில்லை என்று பழி எங்கள்மேல் விழும்! மின்கட்டணம் பற்றி நிதிப் பிரிவு பேசிக்கொள்ளட்டும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அளக்கலாம். மூன்று மாடியிலும் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சிறிய லாகர்களை வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். வைக்கும் இடம் முக்கியம். உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.1 மீட்டரில், வெயில் படாமல், வெளிச்சுவரில் ஒட்டாமல் இருக்க வேண்டும். எட்டாத உயரத்தில் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் அது கூரையின் சூட்டைத்தான் சொல்லும். மேல்தளத்தில் கூடுதலாகக் கறுப்புக் கோள வெப்பமானி ஒன்று வேண்டும், கதிர்வெப்பம் அதில்தான் பிடிபடும். 40 மில்லிமீட்டர் டேபிள் டென்னிஸ் பந்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்து நடுவில் சென்சாரைச் செருகினால் வேலைக்கு ஆகும், எங்கள் முதுகலை மாணவர்கள் செய்துவிடுவார்கள். அவர்களுக்கு ப்ராஜெக்ட் ஆயிற்று, உங்களுக்குத் தகவல் ஆயிற்று.

கருவி மட்டும் போதாது, ஆளையும் கேட்க வேண்டும். வகுப்பு முடியும் நேரத்தில் இரண்டே கேள்வி. மிகக் குளிர் முதல் மிக வெக்கை வரை ஏழு படியில் இப்போது எப்படி இருக்கிறது? இன்னும் குளிர வேண்டுமா, இப்படியே இருக்கலாமா? பெயர் வேண்டாம், அறை எண்ணும் நேரமும் போதும். வந்த விடைகளையும் லாகர் பதிவையும் சேர்த்து வாரம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எண்கள் எல்லார் கண்ணிலும் பட்டால் கட்டடக் குழுவில் யாரும் கையால் காற்றை அளக்க வேண்டியிருக்காது.

அளப்பது முடியும் வரை காத்திருக்க வேண்டாத வேலைகளும் உண்டு. மேல்தளத்தில் பாதி மின்விசிறிகள் முழு வேகத்தில் வைத்தாலும் எண்ணிப் பார்க்கும்படி சுற்றுகின்றன. பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும், ஒன்றுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி உடம்பு உணரும், எலக்ட்ரீஷியனை ஒரு வாரம் அனுப்புங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் பிஎல்டிசி வகை வாங்கலாம், சாதாரண விசிறி இழுக்கும் 75 வாட்டில் பாதியைக்கூட அது இழுக்காது. கூரைக்கு இந்தப் பங்குனிக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். தூசி படிந்து மங்கும், வருடா வருடம் அடிக்க வேண்டும். நிரந்தரமாக வெள்ளை டைல்ஸ் பதிப்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இரண்டு உத்தரவுகளும் வேண்டும், இவற்றுக்குப் பணமே தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மேல்தளத்தில் பிற்பகல் தேர்வு வேண்டாம், முடிந்தவரை எல்லாத் தேர்வையும் காலையில் வையுங்கள். அதே மாதங்களில் ஷூ, டக்-இன், மாணவிகளுக்கு ஓவர்கோட் என்ற கட்டாயத்தைத் தளர்த்துங்கள். துணியும் அந்த ஆறில் ஒன்று என்று மேலே சொன்னேன். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசே 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. நாம் இன்னும் மேல் பட்டனைப் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கோடை முழுக்க அளந்த பிறகும் சில அறைகளுக்கு ஏசிதான் வழி என்று தெரிந்தால் தாராளமாகப் போடுங்கள். சர்வர் அறைக்கும் கருவிகள் இருக்கும் ஆய்வகத்துக்கும் அது தேவைப்படலாம். எத்தனை டன், எந்த அறை, எத்தனை மணி நேரம் என்பதற்கு அப்போது கையில் ஆதாரம் இருக்கும்.

லாகர்களை மாசி முடிவதற்குள் மாட்டினால்தான் இந்தக் கோடை பதிவாகும். அதற்கு எங்களுக்கு வேண்டியது சுவரில் ஆணி அடிக்க அனுமதி, ஓர் ஏணி, கூரையின் மேற்பரப்பை அளக்க மொட்டைமாடிச் சாவி. சாவி பராமரிப்புப் பிரிவில் இருக்கிறது. துறைத்தலைவர் வழியாக நாங்கள் கொடுத்த விண்ணப்பமும் அங்கேதான் இருக்கிறது, பதிவாளர் கையெழுத்துக்காக.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியில் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியர்